வெயிலுக்கு எது: கொடிவேரியா, பவானிசாகரா?

சித்திரை வெயிலுக்கு ஈரோட்டிலிருந்து தப்பி ஓட இரண்டு இடம். இரண்டும் பவானி ஆறுதான். பவானிசாகர் பெரிசு: 1955இல் கட்டி முடித்த மண் அணை, சுமார் 8 கிலோமீட்டர் நீளம். தண்ணீர் நன்றாக இறங்கினால் மூழ்கிய டணாய்க்கன் கோட்டைக் கோயில் தலைகாட்டும். மற்றபடி கீழே பூங்கா, ஊஞ்சல். சரி, குளிக்கிற ஆசை?

கொடிவேரி சின்னது, ஆனால் என் ஓட்டு இதற்குத்தான். தடுப்பணையில் வழிந்து விழும் தண்ணீருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தால் எழ மனசு வராது. தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பிரிவதும் இங்கேதான். கோபிச்செட்டிபாளையம் பக்கத்து வயல்களின் பச்சை அந்தத் தண்ணீர். கரையேறினால் மிளகாய்த்தூள் தடவிய மீன் எண்ணெயில் பொரிந்துகொண்டிருக்கும். பாறை வழுக்கும், ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும். அப்புறம், மேலே பவானிசாகரில் கூடுதலாகத் திறந்துவிட்டால் இங்கே குளிக்கத் தடை. கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.