‘மேபி’: ஒரே பாட்டின் நான்கு பதிவுகள்

வவுனியா நகரில் பழைய பாடல்களைப் பென்ட்ரைவில் ஏற்றித் தரும் சிறு கடையொன்றில், அமெரிக்கப் பெண்கள் பாடற்குழுவான ஷான்டெல்ஸின் ‘மேபி’ (‘ஒருவேளை’) பாடலையும் பின்னாளில் அதைப் பாடிய மூவரின் பதிவுகளையும் ஒன்றாகக் கேட்டு வாங்கினேன். ஒலித்தரத்தில் குறை சொல்வதற்கு எதுவுமில்லை. ஆனால் கோப்புகளின் பெயர்கள் மாறிக் கிடந்தன. ஆகவே, வாங்குவோர் கடையிலேயே போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. மும்மூன்றாக விழும் பியானோத் தட்டல்களும் அவற்றின் மேல் சொல்லில்லாமல் எழும் பெண்களின் கூட்டுக்குரலும் கேட்டால், அதுவே மூலப் பதிவு.

அந்தப் பதிவு 1957 இன் இறுதியில் நியூயோர்க்கின் எண்ட் இசைத்தட்டு நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அதே நகரின் பிரொங்ஸ் பகுதியிலிருந்த ஒரு கத்தோலிக்கப் பாடசாலையின் மாணவியர் ஐவர் அதில் பாடினர். தெருமுனைகளில் வாத்தியமின்றிக் குரல்களை அடுக்கிப் பாடும் டூ-வொப் அந்நாளில் பெரும்பாலும் இளைஞர்களின் கலையாகவே இருந்தது. இந்தச் சிறுமியரோ ஆலயப் பாடகர் குழாத்தில் இலத்தீன் கீதங்களைப் பாடிப் பழகிய தொண்டையோடு அதற்குள் நுழைந்தனர். மடுத் திருவிழாவிலோ முல்லைத்தீவின் கரையோர ஆலயங்களிலோ பாடகர் குழாத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயிற்சியின் அடையாளம் உடனே புலப்படும்: மூச்சு எங்கும் சிதறுவதில்லை, ஒருவர் மற்றவரை முந்துவதில்லை. முதற்குரல் கொடுத்த ஆர்லீன் ஸ்மித்துக்கு அப்போது 16 வயது. காதலனைத் திரும்பிவரும்படி இரக்கும் அந்தக் குரல் உச்சத்தில் ஏறக்குறைய அலறலாகி, ஆனாலும் சுருதியிலிருந்து ஒரு மயிரிழைகூட விலகாமல் நிற்பதுதான் பாட்டின் முழு வலிமையும். முள்ளியவளைக் கோவலன் கூத்தில் பிற்பாட்டுக்காரர் ஆடுபவரின் அடியை வாங்கித் திருப்பிப் பாடுவர்; இங்கே பின்னின்று பாடும் நால்வரும் பெரும்பாலும் சொற்களை அவளுக்கே விட்டுவிட்டு, ஒரு நெடிலைப் பிடித்து அவள் நிற்பதற்குத் தளம் போடுகின்றனர். அமெரிக்காவின் பொதுத் தரவரிசையில் 15 ஆம் இடத்தையும், கறுப்பினத்தவரின் இசைக்கான ரிதம் அண்ட் புளூஸ் வரிசையில் 2 ஆம் இடத்தையும் பாட்டு எட்டியது.

1964 இல் ஷங்ரி-லாஸ் என்ற பெண்கள் குழு வெளியிட்ட பதிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தம் சொந்தப் பாடல்களில் நாடகம் காட்டத் தெரிந்த அந்தப் பெண்கள், இங்கே மூலத்தின் நிழலிலேயே ஒதுங்கிவிட்டனர்.

ரொக் பாடகி ஜானிஸ் ஜொப்ளின் 1969 இல் தனது முதல் தனி அல்பத்தில் பாடியதைப் பலர் தலையில் வைத்துக் கொண்டாடுகின்றனர். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. பித்தளை வாத்தியங்கள் முழங்க, தொண்டை கிழியப் பாடும் அவர் முதல் அடியிலேயே கையிருப்பு முழுவதையும் செலவழித்துவிடுவதால், பாட்டு ஏறிச்செல்ல மேலே இடம் இருப்பதில்லை. ஆர்லீன் அடக்கி வைத்து விடுவித்ததை, ஜொப்ளின் தொடக்கத்திலிருந்தே திறந்துவிட்டார். அவருடைய ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், வரட்டும்.

மூலத்துக்கு அருகில் வைக்கத் தகுந்தது 1970 இல் த்ரீ டிகிரீஸ் என்ற பெண்கள் மூவர் குழு பாடியதே. ஷான்டெல்ஸின் பதிவை உருவாக்கிய ரிச்சர்ட் பாரெட்டே 13 ஆண்டுகளுக்குப் பிறகு இதையும் உருவாக்கினார் என்பது தற்செயலன்று என்று நினைக்கிறேன். பாடகர் குழாத்தின் ஒழுங்கை மீண்டும் கொண்டுவர அவர் முயலவில்லை. மாறாக, அக்குழுவின் வலறி ஹொலிடே தோழியரிடம் தன் பிரிவுத்துயரைப் பேச்சாகவே நீளச் சொல்ல, பாட்டைக் காக்க வைத்தார். பேச்சு முற்றி, இனிப் பேச முடியாது என்ற நிலையில் குரல் இசைக்குள் விழும்போது, மூலத்தின் அலறலுக்கு வேறொரு காரணம் கிடைத்துவிடுகிறது. பேச்சு சற்று நீளம்தான். பொறுமையற்றவர்கள் தள்ளிவிட்டுக் கேட்பார்கள், ஆனால் தள்ளினால் பாட்டின் பாதி போய்விடும்.

வாங்குவோருக்கு ஒரு வார்த்தை: நான்கையும் கைத்தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்டு முடிவு செய்ய வேண்டாம். ஜொப்ளினின் பித்தளை அதிலும் எடுபடும். ஷான்டெல்ஸின் பின்குரல்கள் முற்றாகக் காணாமற் போய்விடும். சாதாரண ஹெட்போன் ஒன்று போதும். பணமோ இடமோ மட்டாக இருந்தால் 1957, 1970 ஆகிய இரண்டை மட்டும் ஏற்றித் தரும்படி கேளுங்கள்.