ப்ரேக் பூஸ்டரை ரிப்பேர் செஞ்சு போடுறதா, பாவிச்சது வாங்குறதா?

நம்மகிட்ட இருக்குறது பழைய கொரோலா, ஹட்டன்ல இருந்து நுவரெலியா ஏறி இறங்குற வண்டி. ப்ரேக் பெடல் கல்லு மாதிரி இறுகிப்போச்சு. எஞ்சினோட வேக்குவத்தால (காத்தை உறிஞ்சுறதால) நம்ம மிதிக்கு பலம் கூட்டுற டப்பாதான் பூஸ்டர். எஞ்சினை நிப்பாட்டி நாலஞ்சு தடவ மிதிச்சு, மிதிச்சபடியே ஸ்டார்ட் பண்ணுனேன், பூஸ்டர் வேலை செஞ்சா பெடல் கொஞ்சம் இறங்கணும், ஆனா கொஞ்சமும் இறங்கல. எஞ்சின்ல இருந்து பூஸ்டருக்கு வர்ற வேக்குவம் ஹோஸும், அதுல காத்து திரும்பாம தடுக்குற செக் வால்வும் நல்லாத்தான் இருக்கு, அப்ப பூஸ்டர்தான்.

கழட்டுற பாடு ரெண்டுக்கும் ஒண்ணுதான். பூஸ்டருக்கு முன்னுக்கு இருக்குற, ப்ரேக் ஒயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டரோட நட்டைக் கழட்டி, பைப் வளையாம முன்னுக்கு இழுத்து, உள்ள பெடல் பின்னை எடுத்து, டேஷ்போர்டுக்கு அடியில தலைகீழா படுத்து நட்டு கழட்டணும், முதுகு போயிரும்.

கொழும்புல பழைய பார்ட்ஸ் கடைங்க இருக்குற பஞ்சிகாவத்தைல பாவிச்சது வாங்குனா அன்னைக்கே பூட்டிரலாம், ஆனா உள்ள இருக்குற ரப்பர் டயாஃப்ரமும் நம்மளோடத மாதிரி வயசானதுதானே, வெளிய பெயின்ட் அடிச்சிருந்தா ஒண்ணும் தெரியாது. அதுவும் நம்ம பக்கம் 1,800 மீட்டருக்கு மேல காத்தழுத்தமே கொழும்பை விட சுமார் 20 சதவீதம் குறைவு, பூஸ்டர் வேலை செய்றதே வெளிக்காத்துக்கும் உள்ள இருக்குற வேக்குவத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசத்துலதான், அங்க சுமாரா இருக்குறது இங்க றம்பொடை இறக்கத்துல கையை விரிச்சிரும்.

செஞ்சு போட்டா ரப்பர், சீல் எல்லாம் புதுசு. நாள் எடுக்கும், உள்ள பெரிய ஸ்ப்ரிங் இருக்கு, அனுபவமுள்ள மெக்கானிக் பாஸ்கிட்டதான் குடுக்கணும். தகரம் துருப்பிடிச்சு ஓட்டையாகாத வரைக்கும் நான் இதுக்குத்தான் போவேன். மாஸ்டரோட பின் சீல் ஒழுகுதான்னும் பாருங்க, ஒழுகுற ப்ரேக் ஒயில் புது டயாஃப்ரத்தையும் தின்னுரும். எதைப் பூட்டுனாலும் பூஸ்டர்ல இருந்து மாஸ்டரைத் தள்ளுற ராடோட இடைவெளியை அளக்கணும், ராட் நீண்டு நின்னா ப்ரேக் விடாம புடிச்சுக்கிட்டே இருக்கும்.