50 போதுமா, 144-ம் வேண்டுமா? அமெரிக்காவின் பழைய வெள்ளி நினைவு நாணயங்கள்

1892 முதல் 1954 வரை அமெரிக்கா அடித்த வெள்ளி நினைவு நாணயங்களைச் சேர்க்க இறங்குகிறவர் முதல் மாதமே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். வடிவத்துக்கு ஒன்று என்று 50 நாணயங்களோடு நிறுத்திக்கொள்வதா, அல்லது ஆண்டு, அச்சடித்த ஊர், சின்னச் சின்னக் குறி என எல்லா வேறுபாட்டையும் துரத்தி 144-ஐயும் பிடிப்பதா? நான் 50 கட்சி. ஆனால் 144 கட்சியிடமும் மறுக்க முடியாத ஒரு நியாயம் இருக்கிறது.

முதலில் கணக்கு. 50-இல் 48 அரை டாலர்கள். மீதி இரண்டில் ஒன்று 1893 இசபெல்லா கால் டாலர், மற்றது 1900 லஃபாயெட் டாலர். 144-க்குப் போனால் கூடுதலாக 94 வாங்க வேண்டும். அந்த 94-இல் 82 வெறும் ஆறு வடிவங்களின் மறுபதிப்பு. பூன் 16, ஆர்கன்சா 15, ஓரிகன் டிரெயில் 14, டெக்சஸ் 13, புக்கர் டி. வாஷிங்டன் 18, வாஷிங்டன்–கார்வர் 12 என்று நீளும் வரிசைகள் அவை. ஆல்பத்தில் பக்கம் பக்கமாக ஒரே முகம். மாறுவது ஆண்டும், டென்வருக்கு 'டி', சான் பிரான்சிஸ்கோவுக்கு 'எஸ்' என்ற பொடி எழுத்தும்தான்.

ஏன் இத்தனை? நாடாளுமன்றம் அனுமதி கொடுக்கும். நாணயச் சாலை அடித்து, முக மதிப்புக்கே விழாக் குழுவிடம் கொடுத்துவிடும். குழு தன் விருப்பப்படி விலை வைத்து விற்கும். எழுத்தில்லாத ஃபிலடெல்ஃபியாவையும் சேர்த்து மூன்று ஊரில் அடித்தால் சேகரிப்பவன் மூன்றும் வாங்கித்தான் தீர வேண்டும். அடுத்த வருடமும் அடித்தால் இன்னொரு மூன்று. இந்த வித்தையின் உச்சம் டேனியல் பூன் என்ற எல்லைப்புற முன்னோடியின் நாணயம். அவர் பிறந்து 200 ஆண்டு நிறைந்தது 1934-இல். 1935-இல் அடித்த நாணயத்தின் பின்பக்கத்தில் பொடியாக '1934' என்று சேர்த்து, அதை டென்வரில் 2,003, சான் பிரான்சிஸ்கோவில் 2,004 மட்டும் வெளியிட்டார்கள். ஜோடி 3.70 டாலர். விளம்பரம் வந்த சூட்டிலேயே தீர்ந்துவிட்டது என்று கையை விரித்தார்கள். வெளியே விலை பல மடங்கு ஏறியது. இந்தக் கூத்தெல்லாம் சேர்ந்துதான் 1939-இல் பழைய அனுமதிகளுக்கு நாடாளுமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. 144 சேர்ப்பவர் அந்த வித்தைக்கு இன்றைக்கும் பணம் கட்டுகிறார் என்பதே என் குறை.

50-லும் வில்லங்கம் இல்லாமல் இல்லை. 1936 சின்சினாட்டி நாணயம் அந்த ஊர் இசைத் தலைநகராகி 50 ஆண்டு ஆனதற்காம். முகம் பாடலாசிரியர் ஸ்டீஃபன் ஃபாஸ்டருடையது. அவர் இறந்தது 1864! மூன்று நாணயத் தொகுப்பு 7.75 டாலர், அடித்தது சுமார் 5,000 தொகுப்பு. 50 கட்சிக்காரன் இதில் ஒன்றோடு தப்பிக்கலாம்.

சரி, 144 கட்சியின் நியாயம். உண்மையான வேட்டை அங்கேதான். 1922 கிராண்ட் (முன்னாள் அதிபர்) அரை டாலரில் சாதாரண வகை 67,000-க்கு மேல். பெயருக்கு மேலே குட்டி நட்சத்திரம் பதிந்தது 4,256 மட்டும். சாதாரண நாணயத்தில் நட்சத்திரத்தைத் தட்டி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. நாணயத்தைத் திருப்பி, நட்சத்திரத்துக்கு நேர் பின்னால் பாருங்கள். பின்னிருந்து அடி வாங்கியதுபோல் அங்கே தட்டையாக இருந்தால் கும்பிடு போட்டு நகர்ந்துவிடுங்கள். 1921 மிசௌரியில் '2' '4' நடுவே நட்சத்திரம் போட்டது, அதே ஆண்டு அலபாமாவில் '2' '2' நடுவே சிலுவை போட்டது, இவையும் இந்த ரகம். 50 சேர்ப்பவருக்கு இந்தச் சுகம் கிடையாது.

ஆனால் பர்ஸைக் கிழிக்கும் நாணயம் இரண்டு பட்டியலிலும் இருக்கிறது: 1928 ஹவாய். கேப்டன் குக் அங்கே இறங்கி 150 ஆண்டு ஆனதற்காக அடித்தது சுமார் 10,000. அன்று இரண்டு டாலர். இன்று 50-ஐ முடிக்க முடியாமல் பலர் நிற்கும் இடம் இதுதான். 1935 ஹட்சனும் ஸ்பானிஷ் டிரெயிலும் இதே அளவில் அடிக்கப்பட்டவை. இரண்டாவதில் ஒரு வேடிக்கை. அது நினைவுகூரும் ஸ்பானியப் பயணி கபேசா தே வாக்காவுக்கு நம்பும்படியான உருவப்படம் எதுவும் இல்லை. அவர் பெயருக்கு 'மாட்டுத் தலை' என்று பொருள். நாணயத்தில் மாட்டுத் தலையையே வைத்துவிட்டார்கள்!

எதில் தொடங்குவது? 1892–93 கொலம்பிய (கொலம்பஸ் நினைவு) அரை டாலரில்தான். சிகாகோ கண்காட்சியில் ஒரு டாலருக்கு விற்றார்கள். விற்காமல் மிஞ்சியது முக மதிப்புக்கே புழக்கத்துக்குப் போனது. அதனால் தேய்ந்த நாணயம் மலிவு. என் முதல் நாணயமும் அதுதான், பளபளவென்று. வீட்டுக்கு வந்து மேஜை விளக்கடியில் சாய்த்தபோதுதான் குட்டு உடைந்தது. அடித்த மேனிக்கு இருக்கும் நாணயத்தைச் சுழற்றினால் ஒளி வண்டிச் சக்கரத்தின் ஆரம்போல் சுற்றி வரும். என்னுடையதில் ஒளி அசையவே இல்லை. கப்பலின் பாய்க்கு மேல் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள். யாரோ துணியால் தேய்த்திருக்கிறார். விற்றவர் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தரச் சான்றோடு பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்து வருவதா, வெறும் நாணயமா என்பது தனிச் சண்டை. ஹவாய், லஃபாயெட், நட்சத்திர கிராண்ட் மூன்றையும் சான்றில்லாமல் தொடமாட்டேன். ஐயோவா அரை டாலருக்கும் கொலம்பிய அரை டாலருக்கும் அந்தச் செலவு வீண். ஒவ்வொரு அரை டாலரிலும் 11.25 கிராம் வெள்ளி இருக்கிறது. விலை அதற்குக் கீழே போகாது என்பது ஆறுதல். மற்றபடி லாபக் கணக்கு வேண்டாம். 1989-இல் உச்சிக்குப் போய் விழுந்த விலைகளில் பல இன்னும் எழவில்லை.

மறுபதிப்பு வரிசையில் எனக்கு ஒரே விலக்கு ஓரிகன் டிரெயில். ஃபிரேசர் தம்பதி செதுக்கியது. ஒரு பக்கம் அமெரிக்கப் பழங்குடி வீரன், மறுபக்கம் மறையும் சூரியனை நோக்கிப் போகும் மாட்டு வண்டி. அதில் நான்கு வைத்திருக்கிறேன். பூன் ஒன்றே ஒன்று, 1934-இல் அடித்தது.