ஃப்ரீசர் பாஸ்தாவுக்கு அலுமினிய ட்ரே: மூடி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்

நியூ ஜெர்சியில் விழா வைத்துக் கேட்டரிங் சொன்னவர்களுக்கு அலுமினிய ட்ரே புதிதல்ல. ஹாஃப் ட்ரே பிரியாணி, ஃபுல் ட்ரே பிரியாணி என்றுதான் இங்கே கணக்கே. நான் எழுதுவது அதைவிடச் சின்னது: எட்டுக்கு எட்டு அங்குலச் சதுரம், மேலே அட்டை மூடி. மொத்த விலைக் கடையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது.

எனக்கு மருத்துவமனையில் 12 மணி நேர ஷிஃப்ட். பையன்கள் பள்ளிவிட்டு வந்தால் தாங்களே ஓவனில் வைத்துச் சாப்பிட ஏதாவது இருக்க வேண்டும். சோறு குழம்பென்றால் ஒருவன் முகம் சுளிப்பான், பேக்ட் ஸீட்டி (குழாய் வடிவ ஸீட்டி பாஸ்தாவைத் தக்காளி சாஸ், சீஸோடு ஓவனில் வேகவைப்பது) என்றால் இரண்டு பேருக்கும் சண்டையே இல்லை. லீவு நாளில் மொத்தமாகச் செய்து ஃப்ரீசரில் அடுக்கிவிடுவேன்.

கண்ணாடிப் பாத்திரம் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. இன்று அமெரிக்காவில் விற்கும் பைரெக்ஸ் பிராண்ட் சமையல் பாத்திரம், திடீர்ச் சூட்டை நன்றாகத் தாங்கும் பழைய போரோசிலிக்கேட் கண்ணாடி இல்லை, அவ்வளவு தாங்காத சோடா லைம் கண்ணாடி. ஃப்ரீசரிலிருந்து எடுத்துச் சூடான ஓவனுக்குள் வைத்தால் வெடிக்கக்கூடும். முதல் நாளே எடுத்துக் கீழே ஃபிரிட்ஜில் வைக்கப் பதினைந்து வயதுப் பையனுக்கு ஞாபகம் இருக்குமா? அலுமினியத்துக்கு அந்தப் பயமே இல்லை, உறைந்த கட்டியை அப்படியே வைக்கலாம். மாதக் கணக்கில் என் நல்ல பாத்திரங்கள் ஃப்ரீசரில் சிறைப்பட்டுக் கிடக்கவும் வேண்டாம்.

குறை உண்டு. தக்காளி சாஸ் அலுமினியத்தை அரிக்கும். புளிக்குழம்பை அலுமினியச் சட்டியில் வைக்காதே என்று ஊரில் அம்மா அதட்டுவாரே, அதே சங்கதிதான். ஓரத்தில் சாம்பல் நிறம் படியும், லேசாக உலோக வாடை வரும். அதனால் அடியிலும் பக்கத்திலும் பார்ச்மென்ட் தாள் (ஒட்டாத பேக்கிங் தாள்) விரித்த பிறகுதான் பாஸ்தாவைக் கொட்டுகிறேன். இன்னொன்று, தகடு ரொம்ப மெலிசு. நிறைத்த ட்ரேயை ஒரு கையால் தூக்கினால் நடுவில் மடங்கும். கீழே ஒரு பேக்கிங் ஷீட் கட்டாயம் வேண்டும்.

ஒன்பதுக்குப் பதின்மூன்று அங்குல ட்ரேயும் வாங்கிப் பார்த்தேன். பிடிக்கவில்லை. ஒரு பவுண்டு ஸீட்டி அதில் ஒரே ட்ரேயில் அடங்கிவிடும், உண்மைதான். ஆனால் இரண்டு பேர் சாப்பிட அவ்வளவையும் சூடாக்க வேண்டும். அதே ஒரு பவுண்டைச் சின்ன ட்ரேயில் இரண்டாகப் பிரித்தால் ஒன்று இன்றைக்கு, ஒன்று ஃப்ரீசருக்கு.

ட்ரே எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளே போடுவது சரியில்லை என்றால் வெளியே வருவது கூழ்தான். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு மூன்று நிமிடம் முன்பே பாஸ்தாவை வடித்துவிடுங்கள். சாஸ் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும், மீதி ஈரத்தைப் பாஸ்தா குடித்துக்கொள்ளும். ரிக்கோட்டா சீஸை அப்படியே உறைய வைத்தால் மணல் மணலாகத் திரியும், ஒரு முட்டை அடித்துக் கலந்தால் அவ்வளவாகத் தெரியாது. ஆறிய பிறகு மூடுங்கள், ஆனால் ஆறட்டும் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். இரண்டு மூன்று மாதத்துக்குள் சாப்பிட்டால் ருசி குறையாது.

ஓவன் 375 டிகிரி ஃபாரன்ஹீட். ஃபாயிலால் மூடி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், அப்புறம் ஃபாயிலை எடுத்துவிட்டு மேல் சீஸ் சிவக்கும்வரை. நடுவில் தெர்மாமீட்டர் குத்தினால் 165 காட்ட வேண்டும். அவசரத்துக்கு மைக்ரோவேவில் வைக்கிற ட்ரே இல்லை இது, வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.

அட்டை மூடிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வெள்ளைப் பக்கத்தில் என்ன, எப்போது, எத்தனை டிகிரி என்று எழுதிவிடலாம், பையன் போன் செய்து கேட்க வேண்டியதில்லை. விளிம்பை மடக்கும்போது மட்டும் விரலைக் கீறும். நான் வாங்கிய மூடியில் ஓவனுக்குள் வைக்கக்கூடாது என்று அச்சிட்டிருக்கிறது.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஒன்று குறைத்தது மெலிசான தகட்டுக்கு. மூடி இல்லாத கட்டும் அதே படத்தோடு பக்கத்திலேயே அடுக்கியிருப்பார்கள், உறையில் மூடி என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.