6 வருஷம், ஒரே ரெகுலேட்டர்: ஹோஸும் கேஜும் எனக்குக் கற்றுக்கொடுத்தவை

புதுச்சேரியிலும் அந்தமானிலுமாக 6 வருஷமாக ஒரே ரெகுலேட்டர் செட்டோடுதான் ஸ்கூபா டைவிங்குக்குக் கடலில் இறங்குகிறேன். சிலிண்டர் காற்றை மூச்சுவிடும் அளவுக்கு அழுத்தம் குறைத்துத் தரும் கருவிதான் ரெகுலேட்டர். சிலிண்டரில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. ஆனால் அதிலிருந்து கிளம்பும் நாலு ஹோஸில் மூன்றை மாற்றியாகிவிட்டது.

முதலில் பிரெய்டட் ஹோஸ், அதாவது வெளியே நூல் பின்னல் போட்டது. லேசானது, கயிறு மாதிரி வளையும், தாடையை இழுக்காது என்று ஆசையாக வாங்கினேன். நாலாவது வருஷம் சர்வீஸுக்குக் கொடுத்தபோது மெக்கானிக், வாயில் கடிக்கும் செகண்ட் ஸ்டேஜிலிருந்து ஹோஸைக் கழற்றி வெள்ளைத் துணிமேல் தட்டினார், மஞ்சளாகக் கல்கண்டுத் தூள் போலக் கொட்டியது. உள்ளே இருப்பது பாலியூரித்தேன் குழாய். சூடும் ஈரமும் சேர்ந்தால் அதில் சில வகைகள் உள்ளுக்குள்ளேயே சிதைந்து படிகமாகிவிடும், மூச்சு வரும் வழியையே அடைக்கக்கூடும். டைவர்களின் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கும் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. வெளிப்பின்னலோ புதுசு மாதிரியே இருக்கும், எனக்குப் பயமே அதுதான். 28, 29 டிகிரி தண்ணீரில் இறங்கிவிட்டு, கார் டிக்கியின் சூட்டில் போட்டு எடுத்துவரும் நம்மூர்க்காரர்களுக்கு சாதா ரப்பர் ஹோஸே போதும். கனம்தான், ஆனால் வெடிப்பு விட்டால் வளைத்துப் பார்க்கும்போதே தெரிந்துவிடும். முனையில் மாட்டும் பிளாஸ்டிக் உறைகளையும் எடுத்துவிட்டேன். மிதவை ஜாக்கெட்டுக்குக் காற்று தரும் இன்ஃப்ளேட்டர் ஹோஸில் ஒருநாள் உறையை விலக்கினால், உப்பு பூத்த உலோகத்தை ஒட்டி ரப்பரில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. எத்தனை டைவ் அதோடு போனேனோ!

சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்டுவது கேஜ். அதன் ஹோஸில் அழுத்தம் 200 பார், மற்ற ஹோஸ்களில் 9, 10 பார்தான் என்பதால் பலரும் கேஜ் ஹோஸைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் அந்த ஹை பிரஷர் வழியில் ஊசித்துளை அளவுக்குத்தான் திறப்பு இருக்கும், கிழிந்தாலும் காற்று மெதுவாகத்தான் போகும். மற்ற லோ பிரஷர் ஹோஸ் கிழிந்தால்தான் சிலிண்டர் வேகமாகக் காலியாகும். எது கிழிந்தாலும் டைவ் முடிந்தது, துணைக்கு வந்தவரோடு சேர்ந்து மேலே வந்துவிட வேண்டும்.

முன்பு 80 செ.மீ. ஹோஸில் கேஜ் பொருத்திய பெரிய கன்சோல் தொங்கும், பவளத்தில் உரசிக்கொண்டே வரும், எனக்கே சங்கடமாக இருக்கும். இப்போது 60 செ.மீ. ஹோஸ், பித்தளை கேஜ் மட்டும், இடது இடுப்பிலுள்ள டி-ரிங் வளையத்தில் மாட்ட போல்ட் ஸ்னாப் கொக்கி. ஸ்னாப்பை கேஜோடு நைலான் நூலால்தான் கட்டியிருக்கிறேன், சிக்கிக்கொண்டால் கத்தியால் அறுத்துவிடலாம். கேஜ் திரும்பும் இடத்திலிருந்து எறும்பு வரிசை மாதிரி குமிழி வந்தால் உள்ளே இருக்கும் குட்டி ரப்பர் வளையங்கள் (ஓ-ரிங்குகள்) தேய்ந்துவிட்டன என்று அர்த்தம், விலை குறைவுதான், தள்ளிப்போடாதீர்கள். ஆக்டோபஸ் எனும் உபரி செகண்ட் ஸ்டேஜுக்கு 100 செ.மீ. ஹோஸ், வலது கைக்கு அடியில் வருகிற மாதிரி. இது மட்டும் முதல் நாளிலிருந்தே சரியாக அமைந்தது.

அப்புறம், சிலிண்டர் வால்வு திறக்கும்போது கேஜின் கண்ணாடியை யார் முகத்துக்கும் நேராகப் பிடிக்காதீர்கள். திறந்ததும் ஊசியைப் பார்த்துக்கொண்டே மூன்று நாலு மூச்சு இழுங்கள். அந்தமானின் ஹேவ்லாக் தீவில் ஒரு காலை, படகில் எல்லோரும் அவசரப்படுத்த, நான் மூச்சிழுக்க இழுக்க ஊசி 200-லிருந்து 120-க்கு இறங்கி இறங்கி ஏறியது. யாரோ வால்வை அரைகுறையாகத் திறந்து வைத்திருந்தார்கள். முழுக்கத் திருப்பியதும் ஊசி 200-லேயே நின்றது, அதற்கப்புறம்தான் குதித்தேன்.