பூஸ்ட் விளம்பரமா, கூகுள் மேப்பா? கையில் காசு குறைவாக இருப்பவரின் கணக்கு

வாஷிங் மெஷின் பழுது பார்ப்பது என் தொழில். நானும் உதவிக்கு ஒரு பையனும், அவ்வளவுதான் நிறுவனம். விளம்பரத்துக்கென்று தனியாக எடுத்து வைக்கப் பணம் இருந்ததில்லை. இருந்த கொஞ்சத்தை வைத்து நோட்டீஸ், ஃபேஸ்புக்–இன்ஸ்டாகிராம் விளம்பரம், வாட்ஸ்அப், கூகுள் பிசினஸ் புரொஃபைல் (கூகுள் தேடலிலும் மேப்பிலும் நம் தொழிலின் பெயர், நேரம், நம்பர், விமர்சனங்களைக் காட்டும் இலவசப் பக்கம்) என்று நான்கையும் செய்து பார்த்தாயிற்று. இன்று கூகுள் பக்கம்தான் நிற்கிறேன். ஆகவே நடுவர் தீர்ப்பை எதிர்பார்த்து யாரும் இதைப் படிக்க வேண்டாம்.

நோட்டீஸைச் சீக்கிரம் முடித்துவிடலாம். அச்சடித்துக் கொடுத்தோம், சில அழைப்புகள் வந்தன. அவை நோட்டீஸால் வந்தனவா, யாராவது சொல்லி வந்தனவா என்று தெரியவில்லை. நோட்டீஸில் மட்டும் வேறொரு நம்பரைப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். எல்லாம் தீர்ந்த பிறகுதான் அது உறைத்தது.

அடுத்து பூஸ்ட், அதாவது ஃபேஸ்புக்–இன்ஸ்டாகிராமில் நாம் போட்ட பதிவைக் காசு கட்டி இன்னும் பலருக்குக் காட்ட வைப்பது. பழுது பார்க்கும் படம் ஒன்றைப் போட்டு, கீழே இருந்த பொத்தானை அழுத்தி, பணத்தைக் கட்டினேன். எத்தனை கிலோமீட்டர் சுற்றளவு என்று கேட்ட இடத்தை நான் கவனிக்கவே இல்லை. லைக் கொட்டியது, வந்த செய்திகளில் பாதி, வண்டியெடுத்துப் போனால் அரை நாள் ஆகும் ஊர்களிலிருந்து. அது என் தப்பு. சுற்றளவைச் சுருக்கி மறுபடி ஓட்டியபோது தொல்லை குறைந்தது. அழைப்பும் சேர்ந்தே குறைந்தது.

யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது. விளம்பரம் கண்ணில் படும் நேரத்தில் பார்ப்பவர் வீட்டு மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. நின்றுபோகும் நாளில் நம் விளம்பரம் எங்கே போயிற்று என்று தெரியாது. அவர் போனை எடுத்து கூகுளில்தான் தேடுவார். இன்னொன்று, இந்த விளம்பரங்கள் யாருக்குக் காட்டினால் பலிக்கும் என்பதைக் கற்றுக்கொள்ள வாரத்துக்குச் சுமார் 50 பலன்கள் (அழைப்பு, செய்தி போன்றவை) வேண்டும் என்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவே சொல்லி வந்திருக்கிறது. வாரத்துக்கு ஐந்தாறு அழைப்புக்கே ஏங்குகிறவன் அந்தக் கட்டத்தை எப்போது தாண்டுவது?

எனக்கு முடிவைத் தந்த கேள்வி வேறு: பணம் கட்டுவதை நிறுத்திய மறுநாள் கையில் என்ன மிஞ்சும்? பூஸ்ட் செய்த காசு தீர்ந்த அன்றே போன் ஓய்ந்துவிட்டது. கூகுள் புரொஃபைலில் மூன்று வருடம் முன்பு ஒருவர் எழுதிய விமர்சனம் இன்னமும் ஆள் அனுப்புகிறது.

இலவசம் என்பதால் சும்மா கிடக்கும் என்று நினைக்க வேண்டாம். காசுக்குப் பதில் பராமரிப்பு கேட்கும், அதுதான் அதன் விலை. முதலில் யாருடைய கணக்கில் தொடங்குகிறோம் என்பது. எனக்கு விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தவரே புரொஃபைலையும் தன் மின்னஞ்சலில் திறந்து கொடுத்தார். அவர் நம்பரை மாற்றிக்கொண்டு போன பிறகு, என் தொழிலின் நேரத்தைத் திருத்தவே நான் கூகுளிடம் உரிமை கேட்டு விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. உரிமையாளராக நீங்கள் இருங்கள். உதவி செய்பவரை மேனேஜராகச் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் நேரம், விடுமுறை. ஒரு நாள் பட்டறையைப் பூட்டிவிட்டு வெளியூர் போயிருந்தேன். கூகுளில் ‘திறந்திருக்கிறது’ என்றே காட்டியிருக்கிறது. கழற்றிய மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தவர் பூட்டைப் படம் எடுத்துப் போட்டு ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார். நியாயம்தான். மன்னிப்புக் கேட்டு அதன் கீழேயே பதில் எழுதினேன். அந்தப் பதிலைப் படித்துவிட்டு அழைத்ததாகப் பிறகு இரண்டு பேர் சொன்னார்கள். நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக விமர்சனத்தை நீக்க மாட்டார்கள். விதியை மீறியிருந்தால்தான் புகார் செய்யலாம். போதாக்குறைக்கு, வழியே போகிறவர் யாரும் உங்கள் நேரத்தையோ நம்பரையோ ‘திருத்தம்’ என்று பரிந்துரைக்க முடியும், சில நேரம் அது ஏறியும்விடும். அதனால் வாரத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கிறேன்.

விமர்சனம் கேட்பதற்கும் ஒரு நேரம் இருக்கிறது. மெஷின் சரியாகி, தண்ணீர் வெளியேறி, ட்ரம் சத்தமில்லாமல் சுற்றத் தொடங்கும் அந்த இரண்டு நிமிடம். வீட்டுக்காரர் முகம் தெளிந்திருக்கும். அப்போது கியூஆர் கோடு ஒட்டிய அட்டையை நீட்டி, “முடிந்தால் என்ன பழுது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்” என்பேன். ‘ட்ரெயின் பம்ப் அடைப்பு’ (தண்ணீரை வெளியேற்றும் பம்ப்) என்று ஒருவர் எழுதிவைத்தால், அதே தொல்லையோடு தேடுகிறவர் தன் கதையையே படித்ததுபோல் அழைக்கிறார். நட்சத்திரத்துக்காகத் தள்ளுபடி தருவது மட்டும் கூடாது. கூகுள் விதி அதை அனுமதிப்பதில்லை. பெயரோடு ‘சிறந்த’, ‘மலிவான’ என்று வால் சேர்ப்பதும் அப்படித்தான், புரொஃபைலையே முடக்கிவிடவும் கூடும்.

வீடு தேடிப் போய் வேலை செய்பவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்தப் பகுதிக்கு வருவோம் என்று மட்டும் காட்டலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. கடை இல்லையே என்று சும்மா இருந்துவிடுகிறார்கள்.

இவ்வளவு சொன்னாலும் கூகுள் புரொஃபைல் நமக்குச் சொந்தமில்லை, வாடகை வீடுதான். கூகுள் இலவசமாகக் கட்டிக் கொடுத்திருந்த ஒற்றைப் பக்க இணையதளங்களை 2024 மார்ச்சில் மூடிவிட்டது. என்னுடையதும் அதில் போயிற்று. அன்றிலிருந்து ஒரு நோட்டில் பெயர், நம்பர், மெஷின் மாடல், தேதி, பழுது என்று எழுதி வருகிறேன். வாட்ஸ்அப் இங்கேதான் உதவுகிறது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் நம் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் கிளம்பும்போது “நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்” என்று நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. காலை வணக்கப் படம் அனுப்புவதில்லை. ‘ட்ரம் சுத்தம் செய்து ஆறு மாதம் ஆகிறது’ என்று ஒரு வரி, அதுவும் உரியவருக்கு மட்டும். கண்டபடி அனுப்பினால் பிளாக் செய்வார்கள், புகார் பெருகினால் நம்பரே போய்விடும். ஆனால் புதிய ஆளை வாட்ஸ்அப் கொண்டுவராது. ஏற்கெனவே வந்தவரை விடாமல் பிடித்து வைக்கும்.

பூஸ்ட் வீண் என்று நான் சொல்லவில்லை. யாரும் பெயர் சொல்லித் தேடாத பொருளை விற்பவருக்கு, அதாவது கையால் செய்த நகை, புது மாதிரி பை, ஓவியம் போன்றவை, மேப்பில் எத்தனை நட்சத்திரம் வாங்கினாலும் பயனில்லை. பார்த்தால்தான் ஆசை வரும், அவர்களுக்குப் படம் ஓடத்தான் வேண்டும். ரீல்ஸை நான் ஒழுங்காகச் செய்து பார்த்ததில்லை. மூன்று போட்டேன், மூன்றிலும் என் முதுகுதான் தெரிந்தது. அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல எனக்குத் தகுதியில்லை. பையன் இந்த வாரம் போனை வேறு கோணத்தில் வைத்துப் பார்க்கலாம் என்கிறான். சரி, செலவில்லாத வரை எனக்கு ஆட்சேபணை இல்லை.