ரத்தக்குழாயின் உள்சுவருக்கு ஒரு சோதனை: 3,500 ரூபாய்க்குக் கிடைத்தது என்ன?

என் தந்தைக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. எனக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்பதால், கொழுப்பு அளவும் ஈசிஜியும் சொல்லாத எதையாவது முன்கூட்டியே அறிய முடியுமா என்ற கவலையுடன், சென்ற மாதம் ஒரு தனியார் பரிசோதனை மையத்தில் ரத்தக்குழாயின் உள்படலத்தைச் சோதிக்கும் 'எண்டோதீலியம் செயல்திறன் சோதனை' செய்துகொண்டேன். கட்டணம் 3,500 ரூபாய்.

முந்தின இரவு முதல் உணவும் காபியும் கூடாது என்று தொலைபேசியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். மங்கலான, குளிர்ந்த அறையில் கால் மணி நேரம் அமைதியாகப் படுக்க வைத்த பிறகு, பரிசோதகர் முழங்கைக்குச் சற்று மேலே ஜெல் தடவி, அல்ட்ராசவுண்ட் கருவியை ஒரு தாங்கியில் அசையாமல் பொருத்தினார். திரையில் இரண்டு வெண்கோடுகளுக்கு நடுவே கறுப்புப் பட்டையாகத் தமனி தெரிந்தது. அதன் விட்டம் 3.9 மில்லிமீட்டர். பிறகு முன்கையில் ரத்த அழுத்தப் பட்டையைக் கட்டி, 200 வரை காற்றேற்றி, ஐந்து நிமிடங்கள் அப்படியே வைத்தார். உள்ளங்கை வெளுத்து, விரல்கள் மரத்துப்போயின. காற்றைத் திறந்துவிட்டதும் கை முழுவதும் சூடு பாய்ந்தது. ஒரு நிமிடத்தில் அதே தமனி 4.2 மில்லிமீட்டராக விரிந்திருந்தது.

அந்த 0.3 மில்லிமீட்டர் விரிவுதான் சோதனையின் உயிர். தமனியின் உட்புறத்தை ஒரே ஒரு செல் அளவு தடிமனில் போர்த்தியிருக்கும் எண்டோதீலியம், வேகமாகப் பாயும் ரத்தத்தின் உராய்வை உணர்ந்து, அர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வாயுவை உண்டாக்குகிறது; சில விநாடிகளே நிலைக்கும் அந்த வாயு அடுத்திருக்கும் தசையைத் தளர்த்துகிறது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமல் காப்பதும், தேவைப்படும்போது எண்டோதீலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து குழாயைச் சுருக்குவதும் இதே படலம்தான். வெறும் உள்ளுறை என்று நெடுங்காலம் கருதப்பட்ட இதன் அதிகாரத்தை 1980-இல் அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனியைக் கொண்டு காட்டினார்: உட்பரப்பு உரசி அழிந்துபோன துண்டுகள், உட்பரப்பு சிதையாத துண்டுகளைத் தளர்த்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் பட்டதும் தளரவேயில்லை. 1998-இல் இக்னாரோ, முராத் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எனக்குச் செய்யப்பட்ட பட்டைச் சோதனையை 1992-இல் செலர்மேயர் குழுவினர் அறிமுகப்படுத்தினர். புகைப்பிடிப்பவர்களிடமும் ரத்தத்தில் கொழுப்பு மிகுந்தவர்களிடமும், அடைப்பு கண்ணுக்குத் தெரியும் முன்பே இந்த விரிவு குறைந்துவிடுவதை அவர்கள் கண்டார்கள்.

இந்த மையத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டாம் கட்டத்தை விட்டுவிடாமல் செய்தது. நாக்கின் அடியில் நைட்ரோகிளிசரின் ஸ்பிரே அடித்து மறுபடியும் அளந்தார்கள். அந்த மருந்து உள்படலத்தின் உதவியின்றியே தசையைத் தளர்த்துவதால், குறை படலத்திலா, தசையிலா என்று பிரித்தறிய முடிகிறது. சற்று நேரம் தலைவலி இருந்தது. அதையும் முன்பே எச்சரித்திருந்தார்கள்.

அறிக்கைதான் ஏமாற்றம் அளித்தது. ஒரே பக்கத்தில் 'இயல்பு' என்ற சொல்லும், தமனி விரிந்த அளவாக 7.7 சதவீதம் என்ற எண்ணும் மட்டுமே இருந்தன. தொடக்க விட்டமும் படங்களும் இல்லை. மயிரிழை வித்தியாசத்தை அளக்கும் சோதனையில் அவை இல்லாமல், அடுத்த ஆண்டு வேறொருவர் எடுக்கும் அளவை எதனுடன் ஒப்பிடுவது? அறிகுறி ஏதும் இல்லாதவர்களின் இதய ஆபத்தைக் கணிக்க இச்சோதனை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று அமெரிக்க இதயவியல் அமைப்புகள் 2010-ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கின்றன. பணம் கட்டும் முன் இதை எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். என் போன்றவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்வதே முதல் வேலை. இந்தச் சோதனைக்காகக் கடன்பட்டுச் செலவழிக்க யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.

வெளியேறும்போது வரவேற்பு மேசையில் அர்ஜினின் தூள் டப்பா ஒன்றை வாங்கச் சொன்னார்கள். எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்தது இதுதான். மூலப்பொருளைக் கூட்டினால் நைட்ரிக் ஆக்சைடும் கூடும் என்ற கணக்கு கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கு அர்ஜினின் கொடுத்துப் பார்த்து 2006-இல் வெளியான ஆய்வில், அதை உட்கொண்டவர்களில் ஆறு பேர் இறந்தனர், போலி மருந்து பெற்ற மற்ற பிரிவில் ஒருவரும் இறக்கவில்லை என்பதால் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். வருகிறவரின் இதய வரலாற்றைக் கேட்காமல் அந்த டப்பாவை நீட்டுவது சரியல்ல என்று மேலாளரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். தமனியின் விட்டம் பற்றிய அளவுகளையும் படங்களையும் எழுதிக் கேட்டதற்கு, தனிக் கட்டணம் இல்லாமல் மறுநாளே அனுப்பிவைத்தார்கள்.